பிரேக் சத்தம்: செலவு எங்கே, ஆபத்து எங்கே?

அதிகாலையில் அன்புவழிபுரத்திலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திற்கு மரக்கறி எடுக்கப் புறப்படுகிறது ஒரு வேன். முதல் தடவை பிரேக்கை மிதித்ததும் "கீச்" என்றொரு சத்தம். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று ஒருவர் மாதக்கணக்கில் ஓட்டுவார். இன்னொருவர் பயந்து கராஜுக்குப் போய், தேயாத பேட்டையும் மாற்றி, ஒரு நாள் வியாபாரத்தையும் இழப்பார். இருவருக்கும் நட்டமே. சத்தம் சொல்வதைப் புரிந்துகொள்ளாததே காரணம்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தித்தான் வியாபாரம் செய்தோம். இன்றும் நம்மில் பலர் ஓட்டுவது அவற்றைத்தான். ஆகவே சில்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை உரிமையாளர் அறிந்திருப்பது முதலைப் பாதுகாப்பதற்குச் சமம்.

சத்தம் ஏன் வருகிறது?

கரும்பலகையில் சுண்ணக்கட்டி சில நேரம் கீச்சிடுவதைப் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். வழுக்குவதும் பிடிப்பதும் மாறி மாறி நடப்பதால் ஏற்படும் அதிர்வு அது. பிரேக் பேட் டிஸ்கில் உராயும்போதும் அதுவே நடக்கிறது. தூசு, துரு, ஈரம், காய்ந்துபோன கிறீஸ், தேய்ந்த பேட் ஆகியவை இந்த அதிர்வைக் கூட்டுகின்றன.

திருகோணமலையில் இன்னொரு காரணமும் உண்டு. கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். மீன் ஏற்றும் வாகனமாயின் ஐஸ் உருகி வடியும் உப்பு நீரும் பின் சில்லுகளில் இறங்கக்கூடும். வேலை முடிந்ததும் சில்லுகளையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத பாதுகாப்பு.

நான்கு வகைச் சத்தம்

1. காலையில் அல்லது மழைக்குப் பின் மட்டும் வந்து, சில தடவை மிதித்ததும் நிற்கும் கீச்சொலி: டிஸ்கில் படிந்த மெல்லிய துரு. பெரும்பாலும் செலவு தேவையில்லை.

2. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும், அல்லது ஓடும்போதே விடாமல் வரும் கீச்சொலி: பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் ஒரு சிறு தகடு உண்டு. பேட் மெலிந்ததும் அது டிஸ்கில் உரசி எச்சரிக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

3. "கரகர" என்று அரைக்கும் சத்தம்: பேட் முடிந்து இரும்போடு இரும்பு உரசலாம். ஓட்டுவதை நிறுத்துங்கள். இதற்குப் பின்னும் ஓட்டினால் பேட்டோடு போகவேண்டிய செலவு டிஸ்குக்கும் சேர்ந்துவிடும்.

4. சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சில்லு மட்டும் சூடேறிக் கருகல் மணம் வீசுவது: கலிப்பர் இறுகியிருக்கலாம். இது கராஜ் வேலை.

வீட்டில் பார்க்கும் முறை

சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சில்லின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின் ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் வாகனத்தை இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது.

சில்லைக் கழற்றியதும் இரு பேட்களின் தடிப்பையும் பாருங்கள். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். ஒரு பேட் மெலிந்து மற்றது தடிப்பாக இருந்தால் கலிப்பரின் பின்கள் இறுகியுள்ளன என்று கொள்ளலாம். டிஸ்கில் ஆழமான கோடுகள் இருந்தால் கராஜில் காட்டுங்கள்.

பேட் நல்ல நிலையில் இருந்தும் கீச்சிட்டால் பிரேக் கிளீனரால் தூசைக் கழுவுங்கள். மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்கினால் சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். பேட்டின் இரும்பு முதுகிலும், அது கலிப்பரில் தொடும் இடங்களிலும் உயர் வெப்பம் தாங்கும் பிரேக் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். டிஸ்கைத் தொடும் பக்கத்தில் ஒரு துளியும் படக்கூடாது.

பல வேன்களிலும் சிறு லொறிகளிலும் பின்பக்கம் ட்ரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திய பின்பே ட்ரம்மைக் கழற்ற வேண்டும். உள்ளே லைனர் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையாகவோ இருந்தால் கசிவு உண்டு என்று பொருள். அதை நீங்களே திருத்த முயல வேண்டாம்.

செய்யக் கூடாதவை

சத்தம் போக வேண்டுமென்று பேட்டில் எண்ணெய் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போகும், பிரேக்கும் போகும். தூசை ஊதாதீர்கள், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். பேட் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். வேலை முடிந்து புறப்படுமுன், மிதி இறுகும் வரை பல தடவை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் தடவை மிதிக்கும்போது வண்டி நிற்காது.

வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எல்லா விலையிலும் பேட் கிடைக்கும். அசல் பெட்டியைப் போலவே போலிப் பெட்டியும் வரும். பில் தரும், பொருளைத் திருப்பி எடுக்கும் கடையில் வாங்குங்கள். மலிவான, உலோகம் கூடிய பேட் புதிதாக இருக்கும்போதே கீச்சிடக்கூடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் சூட்டில் கொதித்து மிதி தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு வருடத்திற்கொரு தடவை மாற்றுவது நல்லது.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை குறுக்கே வரும் காட்டுப் பாதையை நம் வியாபாரிகள் நன்கு அறிவார்கள். சுமையேற்றிய வேன் நிற்க, வெறும் வேனைவிடக் கூடிய தூரம் வேண்டும். அந்த இடத்தில் பேட்டின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் பெறுமதியானது.

மாத இறுதியில் கடன் கொப்பியைப் பார்க்க உட்காரும் நாளிலேயே பேட்டின் தடிப்பையும் அளந்து அதே கொப்பியில் குறித்து வையுங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பிறர் சொல்லக் காத்திராமல் உங்கள் கணக்கே சொல்லும்.