நீர்வழி திறந்திருக்கிறதா? - மதிப்பிடும் அளவுகோல்கள்

சாலையில் குழி விழுந்தால் அனைவர் கண்ணிலும் படும். ஆற்றின் அடியில் மணல் மேடிட்டாலோ, சரக்குக் கலம் தரைதட்டிய பின்னரே அது வெளிப்படுகிறது. ஆகவே, நீர்வழிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம் தன் கடமையை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்பதைக் கணிப்பதற்குத் தனியான அளவுகோல்கள் தேவைப்படுகின்றன.

நம் நாட்டில் இப்பொறுப்பு இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்தைச் சார்ந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1986 அக்டோபர் 27 அன்று இவ்வாணையம் அமைக்கப்பட்டது. ஹால்தியா முதல் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கை நீர்வழி அதே ஆண்டில் முதலாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 5-லிருந்து 111-ஆக உயர்த்தியது.

வாரிய மண்ணா, கிடைத்த ஆழமா?

எளிதில் கிடைக்கும் அளவுகோல், செலவிட்ட தொகையும் தூர்வாரிய மண்ணின் கன அளவும் ஆகும். இவை முயற்சியைக் காட்டுமேயன்றிப் பயனைக் காட்டா. வாரிய மண்ணை ஆறு ஒரே வெள்ளத்தில் மீண்டும் கொண்டுவந்து நிரப்பிவிடலாம். மூங்கில் தட்டிகளை நட்டு நீரோட்டத்தைத் திருப்பினால், குறைந்த செலவில் ஆறே தன் தடத்தை ஆழப்படுத்திக்கொள்வதும் உண்டு. மண்ணின் அளவை மட்டும் கணக்கிட்டால் இச்சிக்கனமான வழி மதிப்பிழந்துவிடும்.

ஆகவே, 'குறைந்தபட்சக் கிடைப்பு ஆழம்' என்பதே பயனுள்ள அளவாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பகுதியின் மிக ஆழம் குறைந்த இடத்தில் உள்ள ஆழமே அப்பகுதியின் ஆழம் ஆகும். நூறு கிலோமீட்டர் ஆழமாக இருந்தும் ஓரிடத்தில் மணல் திட்டு இருப்பின், கலத்தில் ஏற்றும் சுமையை அத்திட்டே தீர்மானிக்கிறது. உலக வங்கியின் உதவியுடன் நிறைவேற்றப்படும் ஜல் மார்க் விகாஸ் திட்டம், ஹால்தியாவுக்கும் பாருக்கும் இடையே 3 மீட்டர் ஆழத்தை இலக்காகக் கொண்டது. பார் முதல் காஜிப்பூர் வரை 2.5 மீட்டரும், அங்கிருந்து வாராணசி வரை 2.2 மீட்டரும் இலக்கு. 1,500 முதல் 2,000 டன் வரையிலான கலங்கள் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். இத்திட்டத்தில், வாரிய மண்ணுக்கன்றி, உறுதியளித்த ஆழத்தைப் பேணியதற்காகப் பணம் வழங்கும் ஒப்பந்த முறையும் கையாளப்பட்டது.

நாட்களின் கணக்கு

ஆழத்துடன் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆண்டில் 330 நாட்கள் இலக்கு ஆழம் கிடைக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரு வழித்தடத்தில் மூன்று திட்டுகள் உள்ளன; ஒவ்வொன்றும் 35 நாட்கள் மட்டுமே ஆழம் குறைகிறது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் இலக்கை எட்டியவையே. ஆனால் அந்நாட்கள் வெவ்வேறாக அமைந்தால் முழுவழியும் 105 நாட்கள் அடைபடும். 260 நாட்களே கலம் கடக்க முடியும். ஆகவே, புறப்படும் இடம் முதல் சேரும் இடம் வரை முழுவழியும் திறந்திருந்த நாட்களையே எண்ண வேண்டும்.

இயற்கையின் பங்கையும் பிரித்தறிய வேண்டும். மழைக்காலத்தில் ஆறே ஆழத்தைத் தருகிறது. நிர்வாகத்தின் திறன் கோடையில்தான் வெளிப்படும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை, பேரேரிகளின் முக்கிய நீர்வழிகள் பனிக்கட்டியால் அடைபடும் நாட்களுக்கு, சாதாரணக் குளிர்காலத்தில் 2 எனவும் கடுங்குளிர் காலத்தில் 8 எனவும் இருவேறு வரம்புகளை வகுத்திருந்தது. நீர் குன்றிய ஆண்டுக்கும் நிறைந்த ஆண்டுக்கும் நாமும் இவ்வாறு தனித்தனி வரம்பு வகுக்கலாம்.

ஆழம் இருந்தும் வழி தெரியாவிடில் பயனில்லை. மிதவைகளும் விளக்குகளும் இயங்கும் நேரமும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். கடல்வழி உதவிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயாலா, இன்றியமையாத சாதனங்கள் 99.8 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்கிறது. ஓராண்டுக்கு ஏறத்தாழ பதினேழரை மணி நேரப் பழுதே இதற்குள் அடங்கும்.

சரக்கின் அளவு போதுமா?

தேசிய நீர்வழிகளில் சென்ற சரக்கு 2013-14-இல் சுமார் 1.8 கோடி டன். 2024-25-இல் சுமார் 14.5 கோடி டன். இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியது. எனினும், இடைக்காலத்தில் நீர்வழிகளின் எண்ணிக்கையே பெருகியது. மேற்குக் கரையில் கடல் ஓதத்தால் இயல்பாகவே ஆழமுள்ள முகத்துவாரங்களும் இக்கணக்கில் சேர்கின்றன. ஆகவே, மொத்த டன் கணக்கைக் கொண்டு ஆற்றுப் பராமரிப்பை அளத்தல் பொருந்தாது.

அளவுகோல் சரியாக அமைவது ஏட்டளவிலான விவகாரமன்று. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய், பின்னர் தூர்ந்து போக்குவரத்தை இழந்தது. அக்கால்வாயையும், தெலங்கானாவின் பத்ராசலம், வஜீராபாத் வரை செல்லும் கோதாவரி, கிருஷ்ணை தடங்களையும் இணைத்து 2008-இல் நான்காவது தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் மட்டும் ஆழம் கூடிவிடாது. நெல்லோ நிலக்கரியோ ஏற்றிய கலம் ஒருமுறை வழியில் நின்றுவிட்டால், வணிகர் அடுத்த முறை லாரியையே நாடுவார். இன்று எவ்வளவு ஆழம், எத்தனை நாட்களுக்கு என்பதை முன்கூட்டியே நம்பத்தக்க முறையில் அறிவித்து, அதன்படி நடக்கும் நீர்வழிக்கே சரக்கு வந்து சேரும்.