இடுப்பு சுமக்கட்டும்

கேமரா அவ்வளவு கனமில்லை. அதோடு கிளம்புகிற பரிவாரம்தான் கனம். 4×5 அங்குல ஃபிலிம் தாளில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமரா ஒன்று, மடக்கு மரக் கேமராவாக இருந்தால், ஒன்றரை கிலோவில்கூட அடங்கிவிடும். மூன்று லென்ஸ்களுக்கு இன்னொரு ஒன்றரை கிலோ. ஃபிலிம் ஹோல்டர் ஒன்றில் இரண்டே தாள்கள்தான் வைக்க முடியும். பத்து ஹோல்டர்கள் எடுத்துக்கொண்டால் இரண்டு கிலோவை நெருங்கும். காற்றுக்கு ஆடாத முக்காலி மூன்று கிலோ. ஒளிமானி, கறுப்புத் துணி, உருப்பெருக்கி, தண்ணீர், சாப்பாடு, மழைச்சட்டை, அத்தனையையும் தாங்கும் பை என்று கூட்டிக்கொண்டே போனால் 14 கிலோ வந்துவிடும்.

ஆலுவாவில் இருப்பவருக்கு இந்த 14 கிலோ வெறும் கணக்கு அல்ல. பெரியாற்றை ஒட்டிக் கிழக்கே போனால் காலடி, மலையாற்றூர், பூதத்தான்கெட்டு, தட்டேக்காடு என்று ஒவ்வொரு வளைவிலும் படமெடுக்கத் தூண்டும் நிலம். 1924 வெள்ளத்தில் அழிந்த பழைய ஆலுவா–மூணாறு சாலை பூயம்குட்டி, மாங்குளம் வழியாகத்தான் மலையேறியது. அந்தப் பக்கம் காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், நனைந்த செம்பாறையிலும் வழுக்கும் வேர்களிலும் நடக்கும்போது அந்த எடை முதுகில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அன்றைய படத்தைத் தீர்மானிக்கும். தோள் மரத்துப்போனவர் சொரசொரப்புக் கண்ணாடியில் ஃபோகஸ் பார்க்கப் பொறுமையோடு குனிய மாட்டார்.

முன்னோடிகளுக்கு இந்தக் கவலை வேறு விதத்தில் இருந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1857-58இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றிய லின்னேயஸ் டிரைப், பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டிய உழைப்பு அவருடையது. காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம். 1860களில் இமயமலை ஏறிய சாமுவேல் போர்னுக்கு அந்த வசதி இல்லை. கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். அதனால் இருட்டறைக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் மலையேறின. 1866இல் 18,000 அடிக்கும் மேலான மணிரங் கணவாயில் அவர் எடுத்த படங்களை இன்றும் வியந்து பார்க்கிறோம். அந்தக் கண்ணாடிகளைத் தூக்கிச் சென்ற கூலியாட்களின் முதுகுகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 12×10 அங்குலக் கண்ணாடித் தகடு 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் ஒன்றே கிட்டத்தட்ட 390 கிராம். இன்றைய 4×5 ஃபிலிம் தாள் மூன்று, நான்கு கிராம்தான்.

தானே சுமந்தவர் என்று அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைச் சொல்லலாம். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறை முகத்தைப் படமெடுக்க, பெரிய கேமராவும் 12 கண்ணாடித் தகடுகளும் அடங்கிய சுமார் 18 கிலோ மூட்டையோடு பனியில் ஏறினார். அன்று எடுத்த ‘மோனோலித்’ படம் அவர் வாழ்க்கையையே மாற்றியது.

இனி உடலுக்கு வருவோம். நிற்கும் மனிதனின் எடைமையம் இடுப்புக்குள், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. முதுகில் பையை மாட்டியதும் அது பின்னால் நகர்கிறது. உடல் முன்னால் சாய்ந்து சரிசெய்கிறது. 14 கிலோ சுமையின் மையம் முதுகிலிருந்து இன்னும் 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போனால் கூடுதலாக வரும் திருப்புவிசை, இரண்டு கிலோ அரிசிப் பையை முழுக்கையும் நீட்டிப் பிடித்திருப்பதற்குச் சமம். இடுப்புத் தசைகள் அதை நாள் முழுக்கப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே கேமராவும் லென்ஸ்களும் முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். கறுப்புத் துணியும் மழைச்சட்டையும் வெளிப்பக்கம் போகட்டும். வழுக்கும் இறக்கங்களில் மட்டும் கனத்தைச் சற்றுக் கீழே இறக்கினால் தள்ளாட்டம் குறையும்.

மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து எடையை முதுகெலும்பின் நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதும் இதே இயற்பியல்தான். நேபாளத்தின் ஆண் சுமைதூக்கிகள் நெற்றிப்பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு, தங்கள் உடல் எடையில் சராசரியாக 90 விழுக்காட்டுக்கும் மேல் சுமப்பதை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அளந்து காட்டியது. அந்தக் கழுத்துகள் சிறுவயதிலிருந்து பழகியவை. நமக்கு இருக்கும் வழி இடுப்புப் பட்டை.

அந்தப் பட்டை மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ளும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சட்டகம் உள்ள ராணுவப் பையை வைத்து லாஃபியாண்ட்ராவும் ஹார்மனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், செங்குத்து விசையில் 30 விழுக்காடு அளவுக்கே இடுப்புப் பக்கம் இறங்கியது. மீதி மேல்முதுகுக்கும் தோளுக்கும் போனது. 30 விழுக்காடு என்றாலும் 14 கிலோவில் நான்கு கிலோ. தோளுக்கு அது பெரிய விடுதலை.

அதனால் என் தீர்ப்பு: கேமராப் பை என்ற பெயரில் விற்கப்படுவதை விடுங்கள். அவற்றில் பல, டிஜிட்டல் கேமராக்களுக்காகத் தடித்த நுரைத் தடுப்புகளோடு செய்யப்பட்டவை. மடக்கிய மரக் கேமரா அவற்றில் சரியாகப் பொருந்தாது, தடுப்புகளே ஒரு கிலோ தின்னும், இடுப்புப் பட்டை பெயருக்கு இருக்கும். நீள்நடைக்கான 45, 50 லிட்டர் மலையேற்றப் பையை வாங்கி, உள்ளே கேமராவுக்கு ஒரு மெத்தைப் பெட்டியும் லென்ஸ்களுக்குத் துணி உறைகளும் வையுங்கள். பையின் அளவை உங்கள் உயரம் தீர்மானிப்பதில்லை, முதுகின் நீளம்தான் தீர்மானிக்கிறது: குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளக்க வேண்டும். முதுகுப் பக்கம் திறக்கும் பை கிடைத்தால் அதுவே மேல். சேற்றில் மல்லாத்தினாலும் தோள்வார்கள் மேலே இருக்கும். அட்டை ஏறிய பட்டையை மறுபடி மாட்ட வேண்டியிராது.

மழை உறை மட்டும் போதாது. முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் நீரை அது தடுக்காது. ஹோல்டர்களுக்கு உள்ளே தனியாக நீர்புகாப் பை வேண்டும், சிலிக்கா ஜெல்லோடு. இன்னொரு ஆபத்து ஏசி அறை. மழைக்காலக் கொச்சியில் காற்றின் பனிநிலை 24 டிகிரிக்கு அருகே இருக்கும். 22 டிகிரி அறையில் இரவைக் கழித்த லென்ஸ் வெளியே வந்ததும் வியர்க்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். கேமராவின் துருத்தியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.

கடைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் கேமராவையும் ஹோல்டர்களையும் கொண்டுபோய், எடை போதாவிட்டால் தண்ணீர்ப் புட்டிகளையும் போட்டு நிரப்பி, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள்வாரை இழுத்து, மாடிப்படி ஏறி இறங்கிக் கால்மணி நேரம் நடந்து பாருங்கள். தோள் முதலில் வலித்தால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.