அப்பா அம்மா எங்கே போனாங்க?

கார்ட்டூன் படங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் படம் தாண்டுவதற்குள் அப்பாவோ அம்மாவோ காணாமல் போய்விடுவார்கள். 'டம்போ'வில் (1941) தாய் யானையைத் தனியாகப் பூட்டிவிடுகிறார்கள். 'பாம்பி'யில் (1942) தாய் மானைச் சுட்டுவிடுகிறார்கள். 'லயன் கிங்'கில் (1994) அப்பா சிங்கம் சாகிறது. 'ஃப்ரோசன்' (2013) படத்தில் இருவருமே கப்பலோடு போய்விடுகிறார்கள்.

1938-இல் வால்ட் டிஸ்னியின் தாயார், மகன்கள் வாங்கிக் கொடுத்த வீட்டில் ஹீட்டரிலிருந்து கசிந்த விஷவாயுவால் இறந்தார். அந்தத் துக்கம்தான் காரணம் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. தாயில்லாத 'ஸ்னோ ஒயிட்' 1937-லேயே வந்துவிட்டதே! அதுவும் பழைய ஜெர்மன் நாட்டுப்புறக் கதை.

விஷயம் சிம்பிள். அம்மா பக்கத்தில் இருந்தால், "அங்கெல்லாம் போகாதே, வீட்டுக்கு வா" என்பாள். படம் அங்கேயே குளோஸ்! அந்த இடம் காலியானால்தான் பிள்ளை வெளியே வரும். அங்கே யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் கதை. மௌக்லிக்குப் பாலு கரடி, சிம்பாவுக்கு டிமோனும் பும்பாவும். (எங்கள் வீட்டில் ஸ்காலர்ஷிப் ஃபாரத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. நிரப்பக் கற்றுக்கொடுத்தது ஒரு தேர்டு இயர் அண்ணன்.)

இதே கதை நம்ம மலைக்கோட்டையிலும் இருக்கிறது. ரத்னாவதிக்குப் பிரசவ வலி, காவிரியில் வெள்ளம், அம்மாவால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. சிவனே அம்மா வேடத்தில் வந்து பிரசவம் பார்த்ததால் தாயுமானவர் ஆனார் என்கிறது தலபுராணம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். வெள்ளம் வடிந்ததும் பெற்ற அம்மா வந்துவிடுகிறாள். வாசலில் ஓர் அம்மா, உள்ளே ஓர் அம்மா. நடுவில் கைக்குழந்தையோடு திகைத்து நிற்கிறாள் மகள்!