அறுபது படிகளும் ஒன்பது தலங்களும்

விடுமுறை வந்துவிட்டால் வெளியூரில் வாழும் பிள்ளைகள் குழந்தைகளோடு வருவதும், எல்லோருமாகத் தல யாத்திரை புறப்படுவதும் நம் இல்லங்களில் வழக்கம். அவ்வாறு புறப்படுவோரில் பலர் நாடுவது கும்பகோணம். அதிலும் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்னும் ஆவல் மிகுந்து காணப்படுகிறது.

ஆனால் அத்தலங்கள் ஓரிடத்தில் அமைந்தவை அல்ல. சந்திரனுக்குரிய திங்களூர் மேற்கே திருவையாற்றை அடுத்து இருக்கிறது. கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாருக்கு அருகில் உள்ளது. சனீஸ்வரன் அருளும் திருநள்ளாறு காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. ஏனைய ஆறும் ஆங்காங்கே விரவியுள்ளன. நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணியளவில்தான் பெரும்பாலும் திறப்பார்கள். பெரியவர்களையே களைப்புறச் செய்யும் இப்பயணம் சிறு குழந்தைகளுக்கு எவ்வாறு இருக்கும்?

2025 அக்டோபரில், தசரா விடுமுறைக்காகப் பெங்களூரிலிருந்து எங்கள் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பேத்திக்கு ஏழு வயது; பேரனுக்கு நான்கு. பேரக்குழந்தைகளுடன் ஒன்பது தலங்களையும் தரிசிப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டு நெடுநாள் ஆகியிருந்தது. மருமகனுக்கு இருந்ததோ ஒரே நாள். அவர் மணிக்கணக்கு வகுத்து அட்டவணை எழுதினார். அதிகாலை 5 மணிக்குக் கும்பகோணத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம்.

திங்களூர்த் தரிசனம் குறித்த நேரத்தில் முடிந்தது. திரும்பும் வழியில் சுவாமிமலையை நெருங்கும்போது பேரன் வாந்தி எடுக்கத் தொடங்கினான். மூன்று முறை எடுத்ததும் துவண்டு தாயின் மடியில் சாய்ந்துவிட்டான். சந்நிதித் தெருவில் வண்டியை நிறுத்தினோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்து, “குழந்தையைக் காற்றாட உட்கார வையுங்கள்” என்றார். ஒரு மணி நேரத்தில் பையன் தெளிந்தான். ஆனால் அட்டவணை குலைந்துவிட்டது. “நேர்த்தி பாதியில் நிற்கிறதே, குழந்தைகளுக்கு ஏதும் ஆகாதே?” என்று மனைவி கலங்கினாள்.

வந்த இடத்தில் முருகனைத் தரிசிப்போம் என்று மேலே ஏறினோம். சுவாமிமலையின் 60 படிகளும் 60 தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை என்பதைப் பேத்தியிடம் சொன்னேன். “என் வருஷம் எது தாத்தா?” என்றாள். 2018இல் பிறந்த அவளுக்கு விளம்பி; பிரபவ முதல் எண்ணினால் 32ஆவது. ஒவ்வொரு படியாக எண்ணி 32இல் நின்று, “இது என்னுடையது! உங்களுடையது எங்கே?” என்று கேட்டாள். நான் பிறந்ததும் விளம்பிதான், 1958. எனக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடந்த ஆண்டில் பிறந்தவள் அவள். இருவரும் ஒரே படியில் நின்றோம். பிலவ ஆண்டுக் குழந்தையான தம்பியை அழைத்து, அவனுக்குரிய 35ஆம் படியில் அவளே நிறுத்தினாள்.

சந்நிதியில் மயிலுக்குப் பதிலாக யானை வாகனம் இருப்பதை முதலில் கண்டவனும் பேரன்தான். தந்தைக்கே பிரணவப் பொருள் உபதேசித்த பிள்ளை இங்கே சுவாமிநாதனாக நிற்கும் வரலாற்றைக் குருக்கள் அவர்களுக்குச் சொன்னார். மனைவி தன் கவலையைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, “பாக்கி இருக்கட்டும் மாமி. பகவான் திரும்பக் கூப்பிடுவதற்கு அவருக்கும் ஒரு காரணம் வேண்டாமா?” என்றார். அச்சொல்லில் அவள் முகம் தெளிந்தது.

அன்று மாலை, அருகிலுள்ள தாராசுரத்துக்கு மட்டும் சென்றோம். இரண்டாம் இராசராசன் எழுப்பிய அவ்வாலயத்தில், ஒரே தலை காளையாகவும் யானையாகவும் தோன்றும் சிற்பத்தையும், குதிரைகள் பூட்டிய கல் தேர்போன்ற மண்டபத்தையும் விட்டுக் குழந்தைகள் வர மறுத்தார்கள். கோயில் என்றால் வரிசை என்று காலையில் முகம் சுளித்த பேத்தி, இரவில் “மீதிக் கோயில்களுக்கு எப்போது போவோம்?” என்று பாட்டியைக் கேட்டாள்.

பேரக்குழந்தைகளோடு யாத்திரை செல்ல எண்ணும் அன்பர்கள் காலையில் ஒரு தலம், மாலையில் ஒரு தலம் என்று அமைத்துக்கொள்வது நலம். நண்பகல் அவர்கள் உண்டு உறங்குவதற்கு உரியதாக இருக்கட்டும். வெறும் வயிற்றோடு வளைவு மிகுந்த சாலைகளில் அழைத்துச் செல்லாதீர்கள். படிகளை எண்ணுவது, அர்ச்சனைத் தட்டை ஏந்துவது, வாகனம் எதுவெனக் கண்டுபிடிப்பது என ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பணி கொடுங்கள். எத்தனை ஆலயம் பார்த்தோம் என்ற கணக்குப் பெரியவர்களுக்கு நிறைவு தரலாம். குழந்தைகளின் நெஞ்சில் நிற்பது அவர்கள் தாமே கண்டறிந்த ஒன்றுதான். அவர்களே மறுபடியும் போகலாம் என்று கேட்கும்படி ஒரு தலத்தை நிதானமாகத் தரிசித்து வந்தால், எஞ்சியவற்றுக்கு அவர்கள் தங்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்வார்கள். சுவாமிநாதன் திருவருள் அதற்குத் துணைநிற்கட்டும்.