குடும்ப இணையதளம் காணாமப் போச்சா? பிளாக்கரில் மீண்டும் உருவாக்குவது எப்படி?

அரியாங்குப்பத்தில் தாத்தா, பாட்டி, பிரான்சில் பேரப்பிள்ளைகள். புதுச்சேரியில் இப்படிப் பிரிந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். கல்யாண போட்டோ, பழைய நினைவுகளை எல்லாரும் பார்க்க ஒரு குடும்ப இணையதளம் கைகொடுக்கும். ஆனா, அந்த சேவையை நடத்தும் நிறுவனமே மூடிட்டா?

2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்கள் இணையத்திலிருந்து அகற்றப்பட்டன.

என்ன செய்யலாம்?

* பழைய முகவரி ஞாபகம் இருந்தா, 'வேபேக் மெஷின்' தளத்தில் தேடுங்க. எழுத்து கிடைத்தாலும் படங்கள் விடுபட்டிருக்கலாம்.

* கூகுளின் பிளாக்கரில் இலவசமாகத் தளம் தொடங்கலாம். கோடிங் தெரிய வேண்டாம். பதிவுக்குப் பழைய தேதியே கொடுத்தால், நிகழ்வுகள் வருட வரிசையில் நிற்கும்.

* குழந்தைகள் படம் இருக்கா? அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைப்புகளில் மாற்றுங்க.

இதை மறக்காதீங்க!

2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கலாம். அதனால் இன்னொரு உறவினரையும் அட்மினாகச் சேருங்க. அவ்வப்போது பேக்கப் எடுங்க. ஒரிஜினல் போட்டோக்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும். பிளாக்கரும் வாடகை வீடு மாதிரிதான்!