உள்நாட்டை நோக்கி ஒரு நாள்



கொழும்பில் வாழும் நம்மவரிடம், விடுமுறை நாளில் எங்கே செல்லப் போகின்றீர்கள் என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். கடற்கரைக்கு என்பார்கள். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் கடல் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. புகையிரத மேடையில் நின்றாலே அலைத்திவலை முகத்திற் படும். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் பஸ் ஏறிக் காலிமுகத் திடலுக்குச் செல்வர். அங்கே பட்டம் விட்டு, இறால் வடை தின்று, சூரியன் மறைந்ததும் வீடு திரும்புவர். இதிற் குற்றங்காண நான் வரவில்லை. காசு குறைந்த குடும்பத்துக்குக் கடல் அளிக்கும் இன்பத்தை இகழ்வது நன்றி மறந்த செயலாகும். ஆயினும், கடலைப் பார்த்து நிற்பவனுக்கு நாடு முதுகுப்புறத்தில் இருக்கின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் வராத ஒரு நாளில், ஒன்பதாந் தர வகுப்பொன்றுக்குப் புவியியற் பாடம் நடத்த நேர்ந்தது. கேகாலை மாவட்டத்தின் விளைபொருள்களுள் ஒன்றைக் கூறுக என்றேன். "இறப்பர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒலித்தது. இறப்பர் மரத்தை நேரிற் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கையும் உயரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் மட்டும், "எங்க அப்பாயி பால் வெட்டுனவங்களாம் சேர். அப்பா சொல்வாரு. நான் பாத்ததில்ல" என்றான். எந்த ஊரில் என்று கேட்டேன். "அவிசாவளைக்கு அங்கிட்டு" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. அப்பாயியும் உயிருடன் இல்லை. அவிசாவளை கொழும்பிலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கின்றது. அங்கே செல்லும் புகையிரதமோ, அவன் வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய மருதானை நிலையத்தில் நாள்தோறும் நின்று புறப்படுகின்றது.

இதனைச் சோம்பல் என்று சொல்லிவிட இயலாது. 1983ஆம் ஆண்டின் பின்னரும், 2009இல் போர் முடிவுறும் வரையும், தமிழ்க் குடும்பங்கள் அவசியமின்றிப் பிரயாணஞ் செய்ய அஞ்சின. சோதனைச் சாவடிகளுக்கு முன் அடையாள அட்டையும் கையுமாக நின்ற பெற்றோர், பிள்ளைகளை வீட்டுக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் அப்பால் அழைத்துச் செல்லவில்லை. அச்சம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும்போதுகூட இரவு வண்டியையே விரும்புகின்றோம். கம்பஹாவும் பொல்கஹவெலவும் குருநாகலும் நமது பிள்ளைகளுக்குத் தூக்கத்திற் கடந்துபோகும் ஊர்களாயின.

இனி, செலவைப் பற்றிப் பேசுவோம். உள்நாட்டுப் பிரயாணம் என்றதும் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, தங்குவதற்கு விடுதி தேட வேண்டும் என்று நினைப்பவர் பலர். அது தேவையில்லை. மூன்றாம் வகுப்புப் பிரயாணச்சீட்டொன்றும், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பாணும் சம்பலும் போதும். இவ்வளவு மலிவாக உள்நாடு செல்ல முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நாட்டின் இரயிற்பாதைகள் உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போடப்பட்டவையல்ல. தோட்டங்களில் விளைந்த கோப்பியையும், பின்னர் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவே அவை போடப்பட்டன. துறைமுகத்தருகே கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர் அப்பாதைகளின் தலைவாசலிலேயே குடியிருக்கின்றார். பெட்டிகள் இறங்கிவந்த வழியே நாம் ஏறிச் சென்றால், கொழும்பு எதனால் கொழும்பாயிற்று என்பது விளங்கும்.

மிக அண்மையிலுள்ளது கம்பஹா. புகையிரதத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் ஹெனரத்கொடைத் தாவரப் பூங்கா இருக்கின்றது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. முளைத்த கன்றுகளுள் 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டுக் கப்பல் மூலம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்நிலம் அக்கன்றுகளுக்கு வேண்டியிருந்தமையால் ஹெனரத்கொடையில் இப்பூங்கா உண்டாக்கப்பட்டது. அன்று நட்ட முதல் மரம் இன்று இல்லை. ஆயினும், பல்லாயிரங் குடும்பங்களின் வாழ்வைத் திசைதிருப்பிய ஒரு பயிர் இம்மண்ணில் வேரூன்றிய இடம் இதுவென்று எண்ணி அங்கே நிற்பது வீண்போகாது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. காலையிற் சென்று மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

சற்றுத் தொலைவு செல்ல விரும்புவோர் கடுகண்ணாவைக்குச் செல்லலாம். இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டிற்று. இதில் அரிய பகுதி இறம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடைப்பட்ட ஏற்றம். ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து 1,700 அடி வரை வண்டி ஏறுகின்றது. ஒருபுறம் அலகல்ல மலை. மறுபுறம் பாதாளம் போன்ற பள்ளத்தாக்கு. எதிரே, விரித்துவைத்த வேதநூல் போலிருப்பதால் ஆங்கிலேயர் 'பைபிள் பாறை' என்றழைத்த பத்தலேகல. போகும்போது வலப்புறத்து யன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலையும், கண்டி வீதியை அமைப்பதில் ஈடுபட்ட கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரமும் உள்ளன. அதே 1867ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். கோப்பிக்காகப் போட்ட பாதை, கோப்பி நோயால் அழிந்த பின், தேயிலைக்குப் பயன்பட்டது. மலையேறும் பாதை மண்சரிவுக்கு ஆளாவது வழக்கம். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களிற் சிதைத்தது. ஆதலால், புறப்படுமுன் வண்டி எதுவரை செல்கின்றது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்துக்கொள்வது புத்தி. வண்டி இல்லையெனில் கண்டி பஸ் அதே கணவாய் வழியாகத்தான் ஏறுகின்றது.

ஆனால், எனக்கு மிக உவப்பானது அவிசாவளைப் பிரயாணமே. அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற நேயர்கள் அனுமதிப்பீர்களாக.

களனிவெளிப் பாதை முன்னர் இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதையாக இருந்தது. 1990களில் அதனை அகலப் பாதையாக்கினர். ஆயினும் பழைய வளைவுகள் பல அப்படியே உள்ளன. ஆகவே வண்டி ஊர்ந்துதான் செல்லும். அவசரக்காரருக்கு இது ஏற்றதன்று. நாடு பார்க்கப் போகிறவருக்கோ இதைவிட நல்ல வண்டி இல்லை. மருதானையை விட்டதும் குடியிருப்புகளின் கொல்லைப்புறங்களை உரசுவது போலச் செல்கின்றது. பொரளையில் கொல்ப் மைதானத்தின் நடுவே புகுந்து, பந்தடிப்பவர்களை ஒதுங்கி நிற்க வைக்கின்றது. நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என்று நகரம் மெல்லத் தேய்கின்றது. பாதுக்கைக்கு அப்பால் வயல், கமுகு, பின்னர் இறப்பர்த் தோட்டம். வாகை என்னும் சிறு நிலையத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம்: லபுகமை, கலட்டுவாவை நீர்த்தேக்கங்கள் அப்பக்கத்துக் காடுகளிலேதான் இருக்கின்றன. கொழும்பு நகரத்துக்குக் குடிநீர் வழங்குபவற்றுள் அவையும் அடங்கும்.

அவிசாவளையே பழைய சீதாவாக்கை இராசதானி. 1521இல் கோட்டை இராச்சியம் பிரிந்தபோது மாயாதுன்னை இங்கே அரசனானான். அவன் மகன் முதலாம் இராசசிங்கன் 1587இலும் 1588இலும் கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரை முற்றுகையிட்டு அலைக்கழித்தான். கொழும்பு அந்நியர் கையில் ஒரு கரையோரக் கோட்டையாக ஒடுங்கிக் கிடக்க, நாடு இங்கிருந்து ஆளப்பட்ட காலம் அது. இராசசிங்கன் தந்தையைக் கொன்றான் என்றும், அப்பாவந் தீரச் சைவத்தைத் தழுவினான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. அதனை அப்படியே நம்புவதா என்பது வேறு விஷயம். எழுதியவர்களுக்கு அவன்மேல் இருந்த கசப்பு அதில் நன்றாகவே தெரிகின்றது. அவன் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பேரெண்டி கோயிலின் சிதைவு இன்றும் அங்கே உள்ளது. பைரவ ஆண்டி கோயில் என்பதே அவ்வாறு மருவியது என்பர். கூரை இல்லை, பூசை இல்லை, செதுக்கு வேலைப்பாடுள்ள கருங்கல் அடித்தளம் மட்டும் மரநிழலில் அமைதியாகக் கிடக்கின்றது. பார்ப்பதற்குக் கட்டணம் ஏதும் நாங்கள் கொடுக்கவில்லை. சிங்கள அரசன் ஒருவன் சிவனுக்கு எடுத்த கோயிலின்முன் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, வரலாற்றுப் புத்தகத்திற் கோடு போட்டுப் பிரித்தவை எல்லாம் மண்ணில் அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை என்பது கண்ணாலேயே விளங்கும்.

அருகே சீதாவாக்கை ஆறு ஓடுகின்றது. அது களனி கங்கையிற் கலக்க, களனி கங்கை முகத்துவாரத்திற் கடலை அடைகின்றது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு முகத்துவாரம் பக்கத்து ஊர். அங்கே அவர்கள் கலங்கிய நீரையே கண்டிருப்பார்கள். இங்கே அதே நீர் கல்லின்மேற் சலசலத்துச் செல்கின்றது. ஆனால் ஆற்றில் இறங்க விடாதீர்கள். மழை மலையிற் பெய்தால் நீர் இங்கே திடீரெனப் பெருகும். அவ்வட்டாரத்து ஆறுகள் ஆண்டுதோறும் உயிர் கொள்பவை.

அந்த ஒன்பதாந் தர வகுப்பை அடுத்த விடுமுறையில் இவ்வழியே அழைத்துச் சென்றோம். பெற்றோர் சிலர் தயங்கினர். இரண்டு தாய்மார் கூடவே வந்தனர். முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்த தோட்டமொன்றுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேரம் பத்தைக் கடந்துவிட்டது. பால் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். ஆகவே வெட்டுவதைக் காண முடியவில்லை. சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பதையே கண்டோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், தமிழிலேயே பேசி, மரப்பட்டையிற் சரிவாக ஓடிய கோட்டைக் காட்டினார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகிவிடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது என்று விளக்கினார். அவருடைய விரல்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பேசியிருந்தால் அவ்வளவு கவனம் கிடைத்திராது.

திரும்பும் வண்டியின் நேரத்தை நான் சரியாகக் கேட்டுவைக்கவில்லை. நிலையத்துக்கு வந்தபோது வண்டி போய்விட்டது. குற்றம் முழுவதும் என்னுடையதே. முப்பது பிள்ளைகளையும் இரண்டு தாய்மாரையும் 122ஆம் இலக்கப் பஸ்களிற் பிரித்து ஏற்றிக் கொழும்பு வந்து சேர இருட்டிவிட்டது. ஆதலால் என் அனுபவத்திலிருந்து சொல்கின்றேன்: போகும் வண்டியின் நேரத்தைவிட வரும் வண்டியின் நேரத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் வண்டிகள் குறைவு. குடை அவசியம், அப்பகுதியில் எந்த மாதத்திலும் மழை வரலாம்.

புறக்கோட்டையில் இறங்கிப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பின்வரிசை மாணவன் என்னருகே வந்தான். காற்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். பழைய வெட்டுக் கோட்டில் உறைந்து நாடாப் போலிருந்த ஒட்டுப்பால். அந்த அம்மையார் உரித்துக் கொடுத்தாராம். கையெல்லாம் அதன் வாடை. "அப்பாகிட்ட காட்டணும் சேர்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைப் பஸ்ஸை நோக்கி ஓடினான்.