வீட்டுத் தொலைக்காட்சியே மடிக்கணனிக்குப் பெரிய திரை

கழுத்தைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி, சிறிய திரையில் மணிக்கணக்காகப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இன்று எமது வீடுகளில் அதிகம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டாவது மடிக்கணனி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அன்று வாங்கியவற்றுள் பல இன்றும் உழைக்கின்றன. அவற்றின் திரையோ பெரும்பாலும் 14 அல்லது 15 அங்குலம்தான். அதே வீட்டின் முன்னறையில் 32 அங்குலத் தொலைக்காட்சி பகல் முழுவதும் சும்மா இருக்கிறது.

இவ்விரண்டையும் இணைக்க ஒரு கேபிள் போதும். ‘மகன் வந்து பார்க்கட்டும்’, ‘கடைக்காரரைக் கூப்பிடுவோம்’ என்று தள்ளி வைக்க வேண்டிய வேலையல்ல இது. தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது மிக இலகு. தெரிய வேண்டியது ஒன்றே: எந்தத் துளைக்கு எந்த முனை?

கடைக்குப் போகுமுன்

மடிக்கணனியின் இரு பக்கங்களையும் தொலைக்காட்சியின் பின்புறத்தையும் நன்றாகப் பாருங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கொள்ளுங்கள்.

தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும் துளை எச்.டி.எம்.ஐ. ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இம்முறை 2002இல் வெளியானது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்லும். இரு கருவிகளிலும் இத்துளை இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

மூன்று வரிசையில் 15 சிறு ஓட்டைகளும், இரு பக்கமும் திருகாணி முடுக்கும் இடமும் கொண்டது வீ.ஜீ.ஏ. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய பழைய முறை இது. படம் மட்டுமே செல்லும். ஒலிக்கு வேறு வயர் வேண்டும்.

புதிய மடிக்கணனிகளில் நீள்வட்டமான சிறு துளை இருக்கும். அது யூ.எஸ்.பி. சி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா சி துளைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில, மின்னேற்றவும் தரவு மாற்றவும் மட்டுமே உதவும். துளையருகே மின்னல் குறியோ, ஆங்கில ‘டி’யும் ‘பி’யும் இணைந்த குறியோ இருந்தால் படம் செல்லும். குறி இல்லாவிட்டால் கணனியின் கைநூலைப் பார்த்த பின்பே கேபிள் வாங்குங்கள்.

மடிக்கணனியில் வீ.ஜீ.ஏ., தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. என்று இருந்தால் இடையில் ஒரு கொன்வேட்டர் தேவை. கடையில் கேட்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள்: ‘வீ.ஜீ.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு’. எதிர்த்திசைக்கு உரியதும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால் வேலை செய்யாது.

‘தங்க முலாம் பூசியது, படம் இன்னும் தெளிவாக வரும்’ என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். எச்.டி.எம்.ஐ.யில் செல்வது இலக்கமுறைச் சமிக்ஞை. இரண்டு, மூன்று மீற்றர் நீளத்துக்குச் சாதாரணமான நல்ல கேபிளே போதும்.

இணைக்கும் முறை

இரண்டையும் நிறுத்திவிட்டுக் கேபிளை இரு பக்கமும் பொருத்துங்கள். பின்னர் இரண்டையும் இயக்குங்கள். தொலைக்காட்சி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானை அழுத்தி, கேபிள் பொருத்திய துளையின் இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். படம் வராமைக்கு மிகச் சாதாரணமான காரணம், முதலாம் துளையில் கேபிளைச் செருகிவிட்டு இரண்டாம் இலக்கத்தைத் தெரிவு செய்வதே.

அடுத்து, மடிக்கணனியில் வின்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்தியபடி ‘பி’ விசையைத் தட்டுங்கள். நான்கு தெரிவுகள் தோன்றும். ‘டூப்ளிகேட்’ என்றால் இரு திரையிலும் ஒரே படம். ‘எக்ஸ்டென்ட்’ என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மேசை போலாகும். ஒன்றில் பாடம், மற்றதில் குறிப்பு என வைக்கலாம். மற்ற இரண்டும் ஏதேனும் ஒரு திரையை மட்டும் இயக்குபவை.

படம் வந்தும் ஒலி கணனியிலேயே கேட்டால், திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தொட்டுத் தொலைக்காட்சியைத் தெரிவு செய்யுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தால் பிழை தொலைக்காட்சியின் அமைப்பில் இருக்கலாம். பட அளவு என்ற பகுதியில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பதைத் தேடுங்கள்.

பெரிய குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிக்கும் கொன்வேட்டர் விற்கிறார்கள். அதில் படம் வரும், எழுத்து மங்கும். படிப்புக்கு அது உதவாது.

உடைந்த திரைக்கும் இதுவே வழி

மடிக்கணனி கீழே விழுந்து திரை வெடித்துவிட்டால் உள்ளே இருந்த பாடங்களும் குடும்பப் படங்களும் போய்விட்டன என்று கலங்க வேண்டாம். தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் கணனியின் உள்ளகம் நலமாகவே இருக்கிறது. கெட்டது திரையோ அதன் வயரோதான். முக்கியமானவற்றை உடனே வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். திருத்துபவரிடம் போகும்போது எதைத் திருத்த வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவையற்ற செலவும் மிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

‘டூப்ளிகேட்’ நிலையில் உங்கள் கணனியில் தோன்றும் அனைத்தும் முன்னறையில் இருப்போர் கண்ணிலும் படும். சொந்தக் கடிதங்கள், படங்கள், வங்கி விபரங்கள் இருந்தால் முதலில் மூடி வையுங்கள். விருந்தினர் இருக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இடி மின்னல் தொடங்குமுன்பே அன்டெனா வயரையும் மின்பிளக்கையும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்றிவிடுங்கள். அன்டெனா வழியாகத் தொலைக்காட்சிக்கு வரும் மின்னதிர்ச்சி கேபிள் வழியாகக் கணனிக்கும் போகும். இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் அதிகம் என்பதை நாம் அறிவோம்.

சுவரில் உயரத்தில் மாட்டிய தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துப் படித்தால், குனிந்த கழுத்து நிமிர்ந்து நோகும், அவ்வளவுதான் வித்தியாசம். திரையின் மேல் விளிம்பு பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். பிள்ளை சற்றுத் தள்ளியே அமரட்டும். எழுத்தைக் கணனியில் பெரிதாக்கிக் கொடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 செக்கன்கள் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். திரை பெரிதானதால் மட்டும் கண் ஓய்வு பெற்றுவிடாது.

சகோதரிகளே! இன்றே உங்கள் வீட்டு மடிக்கணனியின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். புதிய திரை வாங்கும் யோசனை அதற்குப் பிறகு இருக்கட்டும்.